ஏஜியன் வானம் – 11: வாரத்துக்கு விட்ட மாடு

சென்ற வாரம் 1949 ஆகஸ்ட் கடைசியில், கிராம்மோஸ் மலையடிவாரத்தில் நிறுத்தியிருந்தேன். ஹெல்டைவர் விமானங்கள் குண்டு போட்டு ஓய்ந்துவிட்டன. கம்யூனிஸ்ட் படையில் எஞ்சியவர்கள் எல்லை தாண்டி அல்பேனியாவுக்குள் இறங்கிவிட்டார்கள். உள்நாட்டுப் போர் முடிந்தது. அன்றைக்குக் கிரேக்க விமானப்படையின் கொட்டகைகளில் நின்றவை ஸ்பிட்ஃபயர், ஹார்வர்ட், ஹெல்டைவர், டகோட்டா. அத்தனையும் விசிறி விமானங்கள். அத்தனையும் யாரோ கொடுத்தவை.

வடக்கே நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 1951-ல் பல்கேரியாவுக்கு சோவியத் ஜெட்டுகள் வந்து இறங்கின. முதலில் யாக்-23, அதன் பின்னாலேயே மிக்-15. பல்கேரிய எல்லையிலிருந்து தெசலோனிக்கி நகரம் ஒரு ஜெட்டுக்குச் சில நிமிட தூரம். ஸ்பிட்ஃபயரை வைத்துக்கொண்டு அதைத் தடுக்க நினைப்பது, கட்டை வண்டியில் ரயிலைத் துரத்துகிற கதை.

கொரியப் போருக்குப் போன கிரேக்கர்களுக்கு இது இன்னும் பக்கத்தில் தெரிந்திருக்கும். 1950 டிசம்பரில் ஏழு டகோட்டாக்களோடு அங்கே போய்ச்சேர்ந்த 13-வது பிரிவு, பனிக்குள் சிக்கிய அமெரிக்கக் கடற்படைத் தரைவீரர்களைத் தூக்கிவந்து பேர் வாங்கியது. அதே மாதத்தில் அதே வானத்தில்தான் சேபரும் மிக்-15ம் முதன்முதலாக மோதின. கிரேக்க விமானிகள் கீழே டகோட்டாவில் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, ஜெட் வேண்டும். காசு?

1951 கணக்கெடுப்பில் கிரேக்கத்தின் ஜனத்தொகை சுமார் 76 லட்சம். ஜெர்மானிய ஆக்கிரமிப்பு, பஞ்சம், உள்நாட்டுப் போர் என்று பத்தாண்டு அடிவாங்கிய நாடு. 1953 ஏப்ரலில் பிரதமர் பப்பாகோஸின் அரசு நாணய மதிப்பைப் பாதியாகக் குறைத்தது. 15,000 திராக்மாவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த டாலர் ஒரே நாளில் 30,000 ஆனது. எஃப்-84ஜி தண்டர்ஜெட் ஒன்றின் விலை அப்போது 2,37,000 டாலருக்குச் சற்று மேல். புதிய மதிப்பில் எழுநூறு கோடி திராக்மாவைத் தாண்டும். இப்படி ஒன்று இரண்டு அல்ல, மொத்தம் 234 எஃப்-84ஜி விமானங்கள் கிரேக்கத்துக்கு வந்தன. கையிலிருந்து கொடுத்து வாங்கியிருந்தால் ஐந்தரைக் கோடி டாலர். அந்த நாட்டால் நினைத்தே பார்க்க முடியாத தொகை.

கொடுத்தது அமெரிக்கா. 1947 மார்ச்சில் ட்ரூமன் தன் நாடாளுமன்றத்தில் கேட்ட 40 கோடி டாலரில் 30 கோடி கிரேக்கத்துக்கு என்பதை எட்டாவது அத்தியாயத்தில் பார்த்தோம். 1949 அக்டோபரில் பரஸ்பரப் பாதுகாப்பு உதவிச் சட்டம் வந்தது. அதன் வழியாகத்தான் மேற்கு ஐரோப்பா முழுவதற்கும் விமானங்கள் கப்பல் கப்பலாகப் போயின. மொத்தம் கட்டப்பட்ட 3,025 எஃப்-84ஜி விமானங்களில் 1,936 இந்தத் திட்டத்தில் நட்பு நாடுகளுக்குப் போய்விட்டன. அமெரிக்கா தனக்கு வைத்துக்கொண்டதைவிட வெளியே கொடுத்ததே அதிகம்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள் நம் ஊரில். ஆனால் இந்த மாடு தானமாக வந்ததா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். உதவித் திட்டத்தில் வந்த விமானத்தை இன்னொரு நாட்டுக்கு விற்க வேண்டுமா, தேவை தீர்ந்து கழித்துக்கட்ட வேண்டுமா, எதற்கும் வாஷிங்டனின் ஒப்புதல் வேண்டும். உதிரிபாகம் அங்கிருந்து வர வேண்டும். கையேடு ஆங்கிலத்தில் இருக்கும். எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. கிராமத்தில் மாட்டை வாரத்துக்கு விடுவார்களே, அதுதான் இது. தீனி போடுவது, சாணி அள்ளுவது, பால் கறப்பது எல்லாம் நீங்கள். மாடு அவர்களுடையது.

இதற்கு முன்னால் இந்தப் படை பிரிட்டிஷ் கைப்பிள்ளை. 1941-ல் நாடு பறிபோனபின் தப்பி வந்த விமானிகளை மத்தியக் கிழக்கில் வைத்து வளர்த்ததே ராயல் ஏர்ஃபோர்ஸ். படைப்பிரிவு எண்கள் 335, 336 என்று அங்கேதான் பிறந்தன. பதவிப்படிகள் பிரிட்டிஷ் பாணி, தோள்பட்டைக் கோடுகள் பிரிட்டிஷ் பாணி, இறக்கையில் வரையும் வட்டம்கூட அந்தச் சாயல்தான், நிறம் மட்டும் நீலமும் வெள்ளையும். 1950க்குப் பிறகு விமானம் அமெரிக்காவுடையது, பயிற்சி அமெரிக்காவுடையது, துப்பாக்கிக் குண்டின் அளவுகூட அமெரிக்காவுடையது. தோள்பட்டைக் கோடுகளை மட்டும் யாரும் மாற்றவில்லை. இன்றைக்கும் கிரேக்க விமானப்படை அதிகாரியின் தோள்பட்டையைப் பார்த்தால் பழைய வளர்ப்புத் தாய் யாரென்று தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் அவர்கள் இரவல் வாங்கவில்லை: பெயர். ஜெட் விமானத்துக்குக் கிரேக்கத்தில் 'அயெரியோதூமெனோ' என்று பெயர். வாயுவால் உந்தப்படுவது என்று பொருள். ஏழு அசை இருக்கிறது. வாயில் நுழைவதற்குள் விமானம் தலைக்கு மேல் போய்விடும். ஆனாலும் செய்தித்தாளில் அதைத்தான் எழுதினார்கள். 'தாரை விமானம்' என்று ஒரு சொல்லைச் செய்து அகராதியில் பூட்டி வைத்துவிட்டு ஜெட் என்றே பேசிக்கொண்டிருக்கும் நமக்கு இதில் கொஞ்சம் பொறாமை வரலாம்.

முதலில் வந்தது டி-33. அமெரிக்காவின் ஆரம்பகால ஜெட்டான ஷூட்டிங் ஸ்டாரை நீட்டி, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை வைத்த பயிற்சி விமானம். முன்னால் மாணவன், பின்னால் ஆசிரியர். கிரேக்க விமானப்படைப் பள்ளிக்கு 'இகாரோஸ்களின் பள்ளி' என்று பெயர், மாணவனையும் இகாரோஸ் என்றே அழைப்பார்கள் என்று முதல் அத்தியாயத்தில் சொன்னேன். மெழுகு இறக்கை உருகிக் கடலில் விழுந்த பையனின் பெயரை விமானப் பள்ளிக்கு வைக்கிற துணிச்சல் வேறு எந்த நாட்டுக்கும் வராது. ஸ்பிட்ஃபயரில் கைதேர்ந்த மூத்தவர்களும் அமெரிக்காவுக்கும், மேற்கு ஜெர்மனியிலிருந்த அமெரிக்கத் தளங்களுக்கும் போய், மறுபடி மாணவர்களாக உட்கார்ந்தார்கள்.

ஏன் மறுபடி படிக்க வேண்டும்? ஸ்பிட்ஃபயரின் மூக்கு நீளம். தரையில் ஓடும்போது முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. பாம்புபோல் வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். ஜெட்டில் அந்தத் தொல்லை இல்லை. மூன்று சக்கரத்தில் மட்டமாக நிற்கும், ஓடுதளம் முழுக்கக் கண்ணெதிரே. விசிறி ஒரு பக்கம் இழுக்கிற வம்பும் கிடையாது. பழைய ஆட்களுக்கு இது சொகுசாக இருந்திருக்கும். ஆபத்து வேறிடத்தில் இருந்தது. ஸ்பிட்ஃபயரில் விசைக்கோலைத் தள்ளினால் விசிறி அப்போதே காற்றைப் பிடித்து இழுக்கும். அந்தக் காலத்து ஜெட்டில் தள்ளிய பிறகு சுழலி வேகம் பிடிக்கச் சில விநாடி ஆகும். இறங்கும்போது உயரம் குறைந்துவிட்டது, ஓடுதளம் எட்டாது என்று தெரிந்தபின் தள்ளினால், விசை வந்து சேர்வதற்குள் சக்கரம் வயலில் இருக்கும். பதறிப்போய் ஒரேயடியாகத் தள்ளினால் எஞ்சின் விக்கித்து அணைந்தும் போகலாம். கை செய்யப்போவதை மனம் முன்கூட்டியே செய்திருக்க வேண்டும். இருபது வருஷ அனுபவம் உள்ளவருக்குத்தான் இந்தப் பழக்கத்தை மாற்றுவது கஷ்டம்.

1952-ல் எஃப்-84ஜி தண்டர்ஜெட்டுகள் எலெஃப்சினாவில் வந்து நின்றன. ஏதென்ஸுக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். பழங்காலத்தில் டெமிட்டர் தேவியின் ரகசியச் சடங்குகள் நடந்த ஊர். நாடக ஆசிரியர் ஈஸ்கிலஸ் பிறந்த ஊர். தெற்கே விரிகுடா, அதற்கப்பால் பாரசீகக் கப்பற்படை மூழ்கிய சலாமிஸ் தீவு. அந்தக் கரையில், ஆறு கனரக இயந்திரத் துப்பாக்கிகளோடு, மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் போகக்கூடிய, பளபளவென்ற அலுமினிய உருளை. முதல் ஜெட்டுகளைப் பெற்ற பிரிவுகளில் 337 முன்வரிசையில் இருந்தது. அதே 1952 பிப்ரவரி 18 அன்றுதான் கிரேக்கமும் துருக்கியும் ஒன்றாக நேட்டோவில் சேர்ந்தன.

தண்டர்ஜெட் மேலே போய்விட்டால் உறுதியான விமானம். மேலே போவதுதான் பாடு. முழுச் சுமையோடு பத்து டன்னுக்கு மேல். எஞ்சின் தள்ளுவது இரண்டரை டன் அளவுக்கு. அமெரிக்க விமானிகளே இதைப் பன்றி என்று கேலி செய்தார்கள். பூமியைச் சுற்றி ஓடுதளம் போட்டுக் கொடுத்தாலும் அதன் கடைசி அடிவரை கேட்கிற விமானத்தை ரிபப்ளிக் கம்பெனி செய்துவிடும் என்று ஒரு நையாண்டி அவர்களிடம் உண்டு. இதில் கிரேக்க வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடு ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கைக்கும் பிடிப்பு குறையும், எஞ்சினுக்கும் மூச்சு குறையும். தெசாலிச் சமவெளியின் லாரிசாவில் கோடை மதியம் 40 டிகிரி சர்வசாதாரணம். குண்டும் எரிபொருளும் நிறைத்த தண்டர்ஜெட் அந்த வெயிலில் ஓட ஆரம்பித்தால், ஓடுதளத்தின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவனுக்கு வியர்வை வெளியே அடிக்கும் வெயிலால் மட்டும் வராது.

ஓடுதளமே பெரிய கதை. உள்நாட்டுப் போர்க் காலத்து விமானத்தளங்களில் பல, மண்ணைச் சமப்படுத்தி ஓட்டை போட்ட இரும்புத் தகடுகளைக் கோத்துப் பரப்பியவை. ஸ்பிட்ஃபயருக்கு அது போதும். ஜெட்டின் வெப்பத்தையும் எடையையும் அது தாங்காது, நீளமும் பத்தாது. நேட்டோவின் பொது நிதியிலிருந்து பணம் வந்தது. 8,000 அடி நீளக் காங்கிரீட் என்பது கூட்டணியின் அளவுகோல். தனாக்ரா, அராக்ஸோஸ், அந்திராவிதா, நேயா அங்கியாலோஸ் என்று இன்றைக்குப் போர்விமானத் தளங்களாகப் பேர் பெற்றவை எல்லாம் அந்தப் பத்தாண்டில் உருவானவை அல்லது விரிந்தவை. என்னைக் கேட்டால், கிரேக்கத்துக்குக் கிடைத்த உதவியில் நிலைத்தது இந்தக் காங்கிரீட்தான். விமானங்கள் வந்தன, தேய்ந்தன, போயின. தளங்கள் இன்னும் இருக்கின்றன.

அந்தக் காங்கிரீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது ஒரு தனி உத்தியோகம். தண்டர்ஜெட்டுக்கு மூக்கேதான் வாய். முன்னால் கிடக்கிற கூழாங்கல், திருகாணி, துணித்துண்டு எதையும் உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு சிறு கல் போதும், சுழலித் தகடுகள் நாசம். அதனால் ஜெட் தளங்களில் காலையில் ஆட்கள் தோளோடு தோள் வரிசையாக நின்று, குனிந்த தலை நிமிராமல், ஓடுதளம் நெடுகக் கல் பொறுக்கிக்கொண்டே நடப்பார்கள். ஒலியின் வேகத்தை எட்டப் பார்க்கும் யந்திரத்துக்கு முன்னால், களை பறிக்கிற மாதிரி ஒரு வேலை. லாரிசா பக்கம் இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தச் சமவெளி செங்கால் நாரைகளின் சீமை. கிராமத்துக் கூரைகளில் கூடு கட்டி வாழ்பவை. நாரைக்கு ஓடுதளம் எது, வயல் எது என்ற பேதம் கிடையாது.

இந்த இடத்தில் வரலாற்றுப் புத்தகங்கள் விமான வகைகளின் பட்டியலுக்குத் தாவிவிடும். நான் 1952-ன் இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் நகர மாட்டேன்.

அந்த ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஏதென்ஸில் ஒரு ராணுவ நீதிமன்றம் கூடியது. குற்றவாளிக் கூண்டில் விமானப்படையைச் சேர்ந்தவர்கள், 20 பேர். கலமாதா பயிற்சிப் பள்ளியைச் சுற்றி எழுந்த வழக்கு. கம்யூனிஸ்டுகளுக்காக விமானங்களைச் சேதப்படுத்தச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வாக்குமூலங்கள் அடித்து உதைத்து வாங்கப்பட்டவை. இருவருக்கு மரண தண்டனை. நல்லவேளை, அது நிறைவேறவில்லை. மூன்றாண்டுக்குள் எல்லோரும் வெளியே வந்தார்கள். வழக்கு ஜோடிக்கப்பட்டது என்பதும் வெளியே வந்தது. எலெஃப்சினாவில் புதிய ஜெட்டுகளைத் துடைத்து நிறுத்திக்கொண்டிருந்த அதே மாதங்களில், அதே படை தன் சொந்தப் பிள்ளைகளைக் கூண்டில் நிறுத்திக்கொண்டிருந்தது.

இது தனிப்பட்ட யாருடைய கோணல் புத்தியும் அல்ல. 1948 முதல் கிரேக்கத்தில் அரசு உத்தியோகத்துக்கு 'சமூகக் கருத்துச் சான்றிதழ்' தேவை. நீங்கள் இடதுசாரி இல்லை என்று போலீஸ் எழுதித் தர வேண்டும். மாமன் மலையில் துப்பாக்கி தூக்கியிருந்தால் மருமகனுக்குச் சான்றிதழ் கிடைப்பது சந்தேகம். அப்படிப்பட்ட நாட்டில், இத்தனை விலைபெற்ற, அடுத்தவனுக்குச் சொந்தமான யந்திரத்தை யார் கையில் கொடுப்பது என்ற கேள்விக்குக் கண்பார்வை, மூளைக்கூர்மை மட்டும் பதிலாகவில்லை. அந்தச் சல்லடையில் எத்தனை நல்ல விமானிகள் கீழே உதிர்ந்தார்கள் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.

1954-ல் சேபர் வந்தது. இதன் பூர்வீகம் சுவாரசியம். அமெரிக்க வடிவமைப்பு, கட்டியது கனடாவின் கனடேர் நிறுவனம், ஓட்டியது கனடிய விமானப்படை. அவர்களுக்கு அதைவிட வலுவான சேபர் கிடைத்ததும், பழைய மார்க்-2 ரகத்தைப் பிரிட்டனில் வைத்துப் பழுதுபார்த்து, கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். கிரேக்கத்துக்கு 104. 341, 342, 343 என்ற மூன்று பிரிவுகளுக்கு அவை போயின. 35 டிகிரி பின்சாய்ந்த இறக்கை. வாலின் கிடைத்தகடு முழுவதுமே அசையும். மூக்கைக் கீழே சாய்த்துப் பாய்ந்தால் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். தண்டர்ஜெட் உழவு மாடு என்றால் இது பந்தயக் குதிரை. விமானிகள் இதைக் காதலித்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி, சேபர்களை வைத்து அமைத்த 'கிரேக்கச் சுடர்' என்ற சாகசக் குழு. 1960களின் நடுவில் சேபர்களோடு சேர்ந்து அந்தக் குழுவும் கலைந்தது.

இந்த 'சரிபாதி' என்ற சொல்லில்தான் பிற்காலத்து வம்பெல்லாம் ஒளிந்திருக்கிறது. ஒரே குழாயிலிருந்து இரண்டு பக்கத்து வீட்டுக்கும் தண்ணீர். அங்கே தண்டர்ஜெட் வந்தால் இங்கேயும் தண்டர்ஜெட்; இங்கே சேபர் வந்தால் அங்கேயும் சேபர். இரண்டு விமானப்படைகளையும் ஒரே நேட்டோ தலைமையகத்தின் கீழ் வைத்தார்கள். அந்தத் தலைமையகம் இருந்தது துருக்கியின் இஸ்மிரில். கிரேக்கனுக்கு அது ஸ்மிர்னா. 1922-ல் தீயில் கருகி, லட்சக்கணக்கான கிரேக்கர்கள் கப்பலேறி ஓடிவந்த ஊர். அங்கே கிரேக்க அதிகாரிகள் குடும்பத்தோடு குடியிருந்து வேலை பார்த்தார்கள். 1955 செப்டம்பரில் சைப்ரஸ் விவகாரம் முற்றி, இஸ்தான்புல்லில் கிரேக்கர் கடைகளும் தேவாலயங்களும் சூறையாடப்பட்டபோது, இஸ்மிரிலும் அந்த அதிகாரிகளின் வீடுகள் தாக்கப்பட்டன. வடக்கிலிருந்து வரும் மிக்குகளைத் தடுக்கக் கொடுத்த விமானங்களின் மூக்கு, கிழக்குப் பக்கம் திரும்ப ஆரம்பித்தது அன்றிலிருந்துதான் என்பது என் கணிப்பு. அதற்காகவா அமெரிக்கா கொடுத்தது? இல்லை. அதனால்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கத் தொடங்கியது கொடுத்தவன்.

1960 வாக்கில் வந்த எஃப்-86டி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐம்பது விமானங்கள், 337, 343 பிரிவுகள். இரவிலும் மேகத்திலும் ரேடார் வைத்து எதிரியைத் தேடும் ரகம். துப்பாக்கியே கிடையாது, வயிற்றிலிருந்து இறங்கும் தட்டில் 24 ராக்கெட்டுகள். ஒரே ஆள் ரேடாரையும் பார்த்து விமானத்தையும் ஓட்ட வேண்டும். வெற்றிடக் குழாய்கள் நிறைந்த அந்தக் காலத்து மின்னணுச் சாமான்களைக் கட்டி மேய்ப்பதற்குள் தொழில்நுட்ப ஆட்களுக்குத் தாவு தீர்ந்திருக்கும். பத்தாண்டு ஓடவில்லை.

ஆனால் ஒன்று ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

தண்டர்ஜெட்டின் இறக்கையைப் பின்னுக்குச் சாய்த்துச் செய்தது எஃப்-84எஃப் தண்டர்ஸ்ட்ரீக். அதன் மூக்கை அடைத்து, காற்று உறிஞ்சும் வாயை இறக்கையின் அடிப்பகுதிக்கு மாற்றி, காலியான மூக்கில் கேமராக்களை அடுக்கியது ஆர்எஃப்-84எஃப் தண்டர்ஃபிளாஷ். லாரிசாவிலிருந்த 348-வது வேவுப் பிரிவுக்கு அது 1956 முதல் வரத் தொடங்கியது. அந்தப் பிரிவின் பெயரே 'கண்கள்'. அமெரிக்கா அதைக் கைவிட்டது. மேற்கு ஜெர்மனி கைவிட்டது. அப்படிக் கைவிட்டவற்றில் சில கிரேக்கத்துக்கே வந்து சேர்ந்தன. உதிரிபாகம் கிடைக்காமல் போனபோது ஒன்றைப் பிரித்து இன்னொன்றை ஓட்டினார்கள். மற்ற நாடுகள் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்ட விமானத்தில் லாரிசாவின் விமானிகள் தினசரி வேலைக்குப் போய்வந்தார்கள். ஆரம்பத்தில் வந்தபோது பிறந்திராதவர்கள் கடைசியில் அதை ஓட்டினார்கள்.

இதைச் சிலர் வறுமை என்று எழுதுகிறார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். ஒரு யந்திரத்தை அதைச் செய்தவனைவிட அதிக காலம் ஓட வைப்பதற்கு, அதைச் செய்தவனுக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். விமானிகளின் பெயர்கள் கல்வெட்டுகளில் இருக்கின்றன. கொட்டகையில் எண்ணெய்க் கையோடு நின்றவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. இந்த அத்தியாயம் நியாயமாக அவர்களுடையது.

1991 மார்ச் 29 அன்று லாரிசாவில் 348-வது பிரிவின் தண்டர்ஃபிளாஷ்கள் ஓய்வு பெற்றன. உலகத்திலேயே அந்த விமானத்தைக் கடைசியாக ஓட்டிய படை கிரேக்கப் படைதான்.

ஏதென்ஸுக்கு வடக்கே, தத்தோயில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் தண்டர்ஜெட், தண்டர்ஃபிளாஷ், சேபர் எல்லாம் நிற்கின்றன. அவற்றில் ஒன்றும் இன்று பறப்பதில்லை. அவை வந்ததும் 1953-ல் ஒதுக்கப்பட்ட எம்ஜே755 என்ற ஸ்பிட்ஃபயர் பிரிட்டனில் செப்பனிடப்பட்டு, 2021-ல் கிரேக்கத்துக்குத் திரும்பி வந்து, இப்போதும் பறக்கிறது.

அடுத்த வாரம்: ஸ்டார்ஃபைட்டர்.

(தொடரும்)